ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

பலூனை உடைத்தது அவன்தான். யாரும் விசாரிக்கக்கூட இல்லை. அந்தத் தொழிற்சாலையில் ஒருவருடைய ஷூ லேஸ் மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தாலும், ஒருவருடைய ஹெல்மெட்டுக்குள் ஈரப் பஞ்சு கிடந்தாலும், கழிவறைக் கதவில் ‘மேனேஜர் அறை’ என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம்தான் திரும்பும். அவனுக்குக் குசும்பன் என்ற பெயர் நிலைத்து வருஷக்கணக்காகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பாவமாக உட்கார்ந்திருந்தது.

கேன்டீன் கூடத்தில் பாதுகாப்பு வகுப்பு. புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி, தடித்த கண்ணாடி போட்ட, குரலை உயர்த்தத் தெரியாத ஒரு பெண்மணி, கையில் ஸ்ப்ரே பாட்டிலோடு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தொழிற்சாலையில் மூட்டை கட்டுவது ஈய ஆக்சைடு. மஞ்சள் நிறம், முகப் பவுடரைவிட நைசு, ஆனால் ஒரு சாக்கைத் தூக்கினால் இடுப்பு கெஞ்சும். அந்த முழுப் பெயரை அங்கே யாரும் சொன்னதில்லை. பொடி. அவ்வளவுதான்.

“துடைப்பத்தால பெருக்காதீங்க. பெருக்கினா அது போகாது, எழுந்து நிக்கும். ஈரத்துணியால துடைங்க. காத்துக் குழாயைப் பிடிச்சு உடுப்பை ஊதிக்காதீங்க. மாஸ்க் முகத்துல ஒட்டணும். தாடி இருந்தா ஒட்டாது.”

“தாடியை எடுத்தா என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா மேடம்,” என்றான் குசும்பன். “யாரோன்னு நெனச்சுக்குவா.”

சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. காத்துக் குழாய் என்றதும் அவருக்கு ஏதோ நினைவு வந்து, பின்வரிசையில் இருந்த கம்ப்ரசர் ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் வேறு யாருமில்லை, குசும்பனின் மனைவிக்குத் தம்பி.

“கம்ப்ரசர் எங்கேர்ந்து காத்தை இழுக்குது?”

“எல்லாரும் இழுக்கற எடத்துலேருந்துதான் மேடம்,” என்றான் மச்சான். “உலகத்துலேருந்து.”

“ஃபில்டர்?”

“வருது மேடம். வந்துக்கிட்டே இருக்கு.”

கூடமே குலுங்கியது. குசும்பன்தான் பலமாகச் சிரித்தான். நம் வீட்டு ஆள் அல்லவா. மச்சான் மட்டும் தான் அடித்த ஜோக்குக்குத் தானே சிரிக்காமல் சூப்பர்வைசரைப் பார்த்தான். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அதிகாரி தொடர்ந்தார். “குழந்தைங்க உடம்பு இதை நம்மளைவிட அதிகமா இழுத்துக்கும். முதல்ல வயித்துவலி. அப்புறம் காரணமில்லாத எரிச்சல். அப்புறம் கத்துக்கிட்டதை மறக்கறது...”

குசும்பனுக்கு நாற்காலி குத்தியது. வீட்டில் மகளுக்கு வயிற்றுவலி. பூச்சி என்று டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். பூச்சிதான். அவனுக்கு இப்படி வயிற்றுக்குள் ஏதாவது கனத்தால் உடனே கையில் குறும்பு வரும். அது அவன் பிறவி வியாதி. மறுநாள் விடுமுறை என்பதால் மகளுக்காக வழக்கம்போல் தொழிற்சாலை வாசல் முற்றத்தில், லாரி டயருக்குக் காற்றடிக்கும் குழாயில் ஒரு கொத்துப் பலூன் ஊதி வைத்திருந்தான். அதில் ஒன்று மடியில் இருந்தது. முன்னால் சூப்பர்வைசரின் காது இருந்தது. பேனா முனையும் இருந்தது.

டமார்.

சூப்பர்வைசர் எழுந்து நின்றார். அதிகாரி பதறி, பாட்டிலின் விசையை அவர் பக்கமே அமுக்கிவிட்டார். அன்று காலை இஸ்திரி போட்டு வந்த வெள்ளைச் சட்டை, தோளிலிருந்து மார்புவரை நனைந்தது. ஒரு மூச்சு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஈரம் பட்ட இடம் மெல்லச் சிவந்தது. முதலில் ரோஜா நிறம். அப்புறம் ரத்தம்.

சிரிப்பு பாதியில் நின்றது.

“சாரி சார்,” என்ற அதிகாரியின் கண் சட்டையைவிட்டு நகரவில்லை. “இது சாயம் இல்ல. ஈயம் பட்ட எடத்துலதான் சிவக்கும். சார் இன்னைக்கு பேக்கிங் ஹாலுக்குள்ள போனீங்களா?”

“நான் அந்தப் பக்கம் போயே மாசக்கணக்காச்சு!”

“அப்போ இது எப்படி?”

“எப்படியா? இவனைக் கேளுங்க! இவன் எதைக் கலந்து வெச்சானோ!”

எல்லோரும் குசும்பனைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கைகளையும் விரித்துத் தோளைக் குலுக்கினான். கூடம் மறுபடி சிரித்தது. ஆனால் அவன் எதையும் கலக்கவில்லை. கலக்கவில்லை என்பது அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் பயமும் அவன் ஒருவனுக்குத்தான் வந்தது.

பொடி பக்கமே வராத ஒரு மனிதரின், அன்று காலை உடுத்திய சட்டையில் பொடி. அப்படியானால் யாருடைய சட்டையில் இல்லை?

கலைந்து போகும் அவசரத்தில், அதிகாரியின் பெட்டியில் இருந்த இன்னொரு பாட்டிலை அவன் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் சிரிக்கவைக்கும் எண்ணம் இல்லாமல் ஒரு திருட்டு.

*

அவன் வீட்டுக்கு வரும்போது மனைவி துணிக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசற்படியில்தான் அவர்களுக்குக் குடும்ப வாழ்க்கை. “சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். அவ சாப்பிடல. வயிறு நிறைஞ்சிருக்காம்,” என்றாள் செருப்பை மாட்டியபடி. “காலையிலேர்ந்து ஒரு வாய் எறங்கல, என்னத்துல நிறைஞ்சிருக்கும்? நீங்களாவது கெஞ்சிப் பாருங்க. கேலி பேசிக்கிட்டு நிக்காதீங்க.”

அவள் போன பிறகு வீடு அமைதியானது. மாடியில் ஒரு கூடம், ஒரு சமையலறை, மகளுக்கென்று தடுத்த சின்ன அறை. மகள் படுத்திருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் அவள்தான். அவன் கொண்டுவந்த கொத்தைப் பார்த்ததும் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

“எல்லாம் நீயே ஊதினியா?”

“பின்னே? அப்பாவோட நெஞ்சு என்ன, கொல்லன் துருத்தி!” என்று கன்னத்தை உப்பிக் காட்டினான். குழாயில் ஊதியது என்று சொன்னால் ஒரு பலூனுக்கு என்ன மதிப்பு இருக்கிறது? பலூன் கழுத்தில் அவன் போட்டிருந்தது பேக்கிங் ஹால்காரர்கள் சாக்கு வாயில் போடும் முடிச்சு. பாரம் தாங்கும், ஆனால் நூல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் அவிழும். அதை மகளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தான். சுழலும் மின்விசிறிக்குப் பலூனைத் தூக்கிப் போட்டு, டமார் என்றதும் கைதட்டிக் குதித்தவள்தான். இப்போதெல்லாம் குதிப்பதில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். “ஏழுக்கு அப்புறம் என்னப்பா?” என்று அன்று பலூன்களை எண்ணும்போது கேட்டாள். போன மாதம் நூறுவரை சொல்லிக் காட்டியவள்.

கூடத்துக்கு வந்து சட்டையைக் கழற்றித் தரையில் விரித்தான். பாட்டிலை எடுத்தான்.

அவனைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், ஆனால் பொடி விஷயத்தில் அவன் யோக்கியன். அழுக்கு லாக்கரில் வேலை உடுப்பு, நடுவில் குளியல், அப்புறம்தான் சுத்த லாக்கரும் வீட்டுச் சட்டையும். நகத்தைத் தேய்த்துத் தேய்த்து, ‘மாப்பிள்ளை மாதிரி குளிக்கறான்’ என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். பேக்கிங் ஹாலுக்குள்ளிருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டுவந்தவன் இல்லை.

சட்டையில் அடித்தான். ஈரம். காத்திருந்தான். ஈரம் ஈரமாகவே இருந்தது. செருப்பு: ஒன்றுமில்லை. உள்ளங்கை: இல்லை. தாடி: கண்ணாடி முன் நின்று, கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தான். நரைதான் இரண்டு கூடியிருந்தது. சிரித்துக்கொண்டான். வாசற்படி, சோபா, சமையலறைத் தரை, எங்கும் இல்லை. நல்லவேளை. பூச்சிதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மகள் அறையிலிருந்து. மெல்லிய, நீண்ட, ஒரே சீரான ஒரு சீறல், பாம்பு என்று சொல்ல முடியாதபடி பொறுமையாக, குக்கர் என்று சொல்ல முடியாதபடி ரகசியமாக, இருபது வருஷம் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் நடுவில் நின்ற காது தூக்கத்திலும் அடையாளம் சொல்லிவிடக்கூடிய ஒன்று. கசிவு. எங்கோ ஏதோ கசிகிறது. கொஞ்ச நாளாகவே கேட்கிறான். முதலில் கேஸ் சிலிண்டர் என்று நினைத்து ரெகுலேட்டரில் சோப்பு நுரை தடவிப் பார்த்தான். அதில் ஒரு குமிழிகூட இல்லை.

ஸ்ஸ்ஸ்ஸ்.

கதவைத் தள்ளினான். சத்தம் நின்றது. மகள் தலையணையைவிட்டு விலகி, போர்வைக்குள் சுருண்டு கண்மூடிக் கிடந்தாள். சாத்திய ஜன்னலின் விளிம்பில் மாலை வெளிச்சம் ஒரு கோடாக நின்றது. கம்பியில் கட்டிய பலூன்கள் அசையாமல் தொங்கின. அறையில் ஒரு மணம். மணம் என்றுகூடச் சொல்ல முடியாது, பழைய நாணயத்தை நாக்கில் வைத்த மாதிரி ஒரு நினைப்பு.

நிலைப்படியில் அடித்தான். ஒன்றுமில்லை. கதவுப் பிடி, ஒன்றுமில்லை. தரையில் ஓரடி, இன்னோரடி. இல்லை. கட்டிலை நெருங்கியதும் தரையில் புள்ளி புள்ளியாகச் சிவந்தது. நிமிர்ந்து சுவரில் அடித்தான்.

சுவர் யோசித்தது. பிறகு சொன்னது.

உள்ளங்கைத் தடம் இல்லை. கால் தடமும் இல்லை. நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து எல்லாப் பக்கமும் சிதறும் கீற்றுகள். யாரோ ஒரு பிடி சிவப்பை ஓங்கி எறிந்த மாதிரி. ஒன்றல்ல, பல. கட்டில்மேல் ஏறி நின்றும் எட்டாத உயரத்தில் ஒன்று. உட்கூரைப் பக்கமும் அடித்தான்: மின்விசிறியைச் சுற்றி, இன்னும் சில. மெல்ல மெல்லத் திறக்கும் கண்கள்போல அவை ஒவ்வொன்றாகச் சிவந்து அவனைப் பார்த்தன.

வாசலில் தடம் இல்லை. கூடத்தில் தடம் இல்லை. நடந்து வரவில்லை. ஆனால் வந்திருக்கிறது.

மகளின் தலையணைப் பக்கம் கை போனது. ஒரு சின்ன அமுக்கல். அவள் முகம் பதியும் குழி, ஓரத்திலிருந்து நடுவரைக்கும், எல்லாவற்றையும்விட அடர்த்தியாக, கிட்டத்தட்ட கறுப்பாகச் சிவந்தது.

தலையணையைத் திருப்பிப் போட்டான். எதற்கென்று தெரியவில்லை. திருப்பிப் போட்டான்.

*

இரவு மனைவியிடம் சொன்னான். சுவரில் அடித்த பாட்டில் மருந்தின் ஈரம் காய்ந்து சிவப்பு மங்கியிருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“போன தடவை தக்காளிச் சாறு. அதுக்கு முன்னாடி தலையில கட்டு. இப்போ இதுவா?” என்றாள். “குழந்தை முடியாம கெடக்கறப்போ எப்படிங்க உங்களுக்கு வெளையாடத் தோணுது?”

“இது வெளையாட்டில்லடி.”

“எப்பவும் இதைத்தான் முதல்ல சொல்லுவீங்க.”

அது உண்மை. எப்போதும் அவன் அதைத்தான் முதலில் சொல்வான்.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனதும் அதிகாரியின் அறை வாசலில் நின்றான். சட்டை விஷயத்தில் சூப்பர்வைசர் மேலிடத்துக்குப் புகார் செய்திருந்தார். அதிகாரியின் கண்கள் வீங்கியிருந்தன.

“மேடம், ஒரு சந்தேகம். ஒரு ஃப்ரெண்டு வீடு... சுவத்துல, நல்ல உயரத்துல பொடி இருக்கு. வாசல்ல இல்ல. அது எப்படி வரும்?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இது அடுத்த ஜோக்கா?”

“இல்ல மேடம்.”

“என் பாட்டிலைக் காணோம். அதைக் கொண்டாந்து வெச்சுட்டுப் பேசுங்க.”

‘என் வீடு மேடம், என் மக’ என்று சொல்ல வாய் வந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த பியூன், “என்ன குசும்பா, மேடத்தையும் விடலியா?” என்று கண்ணடித்தான். குசும்பனின் முகம் தானாகவே சிரித்தது. இத்தனை வருஷப் பழக்கம். முகத்துக்கு அவன் தேவையே இல்லை.

மச்சானைக் கம்ப்ரசர் கொட்டகையில் பிடித்தான். பேக்கிங் ஹாலின் பின்சுவரோடு ஒட்டிய தகரக் கொட்டகை. உள்ளே எந்திரத்தின் இரைச்சல், எண்ணெய் நாற்றம், சுவர் பூராவும் மஞ்சள் மினுக்கம். ஒரு யோசனை அவனை இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்தது: தொழிற்சாலையிலிருந்து அவன் வீட்டுக்குள் வரக்கூடிய இன்னொரு ஆள் இவன் ஒருத்தன்தான். இவன் குளிப்பதில்லை, ‘வீட்ல போய்க் குளிச்சுக்கறேன் மாமா’ என்று அப்படியே கிளம்பும் ரகம்.

“கையைக் காட்டு,” என்று பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தான்.

“என்ன மாமா, ஜோசியமா?”

அடித்தான். மச்சானின் இரண்டு உள்ளங்கைகளும் ரேகையோடு சிவந்தன.

“என் வீட்டுக்கு வர்றியா? நான் இல்லாதப்போ? பாப்பா ரூமுக்குள்ள போறியா?”

“ஃபிட்டர் கையில பொடி இல்லாம சந்தனமா இருக்கும்?” மச்சான் சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை. அது எந்திரத்தின் பின்பக்கம் ஒருமுறை போய்விட்டுத் திரும்பியது.

“எதை மறைக்கிறே?”

“எதையும் இல்ல. போங்க மாமா, சூப்பர்வைசர் பார்த்தா கத்துவாரு.”

மறைக்கிறான். குசும்பன் ஊரையே ஏமாற்றிப் பழகியவன். ஏமாற்றுகிற முகம் அவனுக்குத் தெரியாதா?

*

மறுநாள் சாயங்காலம் மச்சான் வீட்டுக்கே வந்தான். குளித்திருந்தான். தலை ஈரமாக இருந்தது. கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

“அக்கா போன் பண்ணுச்சு. பாப்பாவுக்கு முடியலன்னு.”

குசும்பன் வழிவிட்டான், ஆனால் பின்னாலேயே நின்றான். மச்சான் செருப்பைக் கழற்றி விட்டு, கால் நுனியில் நடப்பவன்போல மகள் அறைக்குள் போனான். அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான் குசும்பன்.

“என்னடா தங்கம், மாமாவைத் தெரியுதா?”

மகள் தலையசைத்தாள். கண்ணுக்குக் கீழே நிழல் கட்டியிருந்தது. மச்சான் அவள் நெற்றியைத் தொட்டான். நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பார்த்தான். தொங்கிய பலூன்களில் பாதி சுருங்கி, வயசான முகம்போலத் தோல் சுருண்டிருந்தன.

அவன் கை நெற்றியிலேயே நின்றது.

“மாமா, இது... இந்தப் பலூன்லாம் எங்க ஊதினது?”

கேள்வி சாதாரணமானதுதான். கேட்ட குரல் அப்படி இல்லை. குசும்பன் அவனைப் பார்த்தான். இவனுக்கு என்ன வந்தது? பேச்சை ஏன் மாற்றுகிறான்? பதில் நாக்கு நுனிவரை வந்தது: முற்றத்துக் குழாயிலடா. ஆனால் கட்டிலில் இருந்து இரண்டு பெரிய கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த வீட்டில் அவனைக் கோமாளியாக அல்லாமல் வீரனாகப் பார்க்கும் கண்கள் அவை மட்டும்தான்.

“வாயாலதான்,” என்றான்.

“நிஜமா?”

“பின்னே மூக்காலயா?”

“மாமா, வெளையாடாதீங்க. வாயாலதானா?”

“அப்பா வாயாலதான் ஊதுவாரு,” என்றாள் மகள். “அப்பா நெஞ்சு துருத்தி.”

மச்சான் நீளமாக மூச்சு விட்டான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் தோள்கள் தளர்ந்தன. சிரித்தேவிட்டான். “சரிதான். துருத்திதான். நான் வேற என்னமோ...” என்றவன் நிறுத்திக்கொண்டான். “சுருங்கினதையெல்லாம் எடுத்துப் போட்டுடவா? பழசாயிடுச்சு.”

“வேணாம்!” மகள் கத்திய கத்தலில் இருவரும் திடுக்கிட்டார்கள். அந்த உடம்பில் அத்தனை குரல் மிச்சம் இருந்ததே தெரியாது. அவள் அழத் தொடங்கினாள். மச்சான் நூலில் வைத்த கையை எடுக்கவில்லை.

குசும்பன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். “அவளுக்குச் சந்தோஷமே அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டுப் போகணுமா?” கொத்தையே அவிழ்த்து மகளின் மடியில் வைத்தான். அவள் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு விம்மலை நிறுத்தினாள். மச்சான் படியிறங்கினான். பாதிப் படியில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன்போல வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

பார், ஓடுகிறான். எதையோ மறைத்துக்கொண்டு ஓடுகிறான்.

*

வெளிச்சம் வடிந்தது. விளக்குப் போடவில்லை. கூடத்தில், அறைக்கதவைப் பார்க்கிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மடியில் ஒரு துணி. சுவரைத் துடைக்கலாம் என்று பாட்டிலில் மிச்சமிருந்த மருந்தையெல்லாம் அதில் ஊற்றிப் பிழிந்து வைத்திருந்தான். வருவது எதுவானாலும் இந்தக் கூடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனது. சமையலறைக் குழாய் ஒரு சொட்டு விட்டது. ஃப்ரிட்ஜ் முனகி நின்றது. இருட்டு மூலைகளிலிருந்து எழுந்து, நாற்காலி, மேஜை, அவன் முழங்கால் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது.

யாரும் வரவில்லை.

வாசல் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கூடத்தைத் தாண்டி ஒரு ஈகூடப் போகவில்லை.

ஸ்ஸ்ஸ்ஸ்.

எழுந்தான். நாற்காலி கிறீச்சிட்டது. சத்தம் நிற்கவில்லை. இந்தமுறை நிற்கவில்லை.

ஸ்ஸ்ஸ்ஸ். நடுவில் ஒரு விழுங்கல். குழந்தை பால் குடிக்கும்போது வருகிற மாதிரி. மறுபடி ஸ்ஸ்ஸ்ஸ்.

உள்ளே இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முதலிலிருந்தே உள்ளேதான்.

கதவு. கை. தள்ளினான்.

கட்டிலில் போர்வை கூடாரம்போல நின்றது. அதற்குள் மகளின் தலை. தலைக்குப் பக்கத்தில் இன்னொரு தலை. உருண்டையாக. அவள் முகத்தோடு முகம் ஒட்டி. மெல்ல, மிக மெல்ல, அது சுருங்கிக்கொண்டிருந்தது.

“குட்டி.”

விழுங்கல்.

“குட்டி!”

போர்வையை இழுத்தான். தெருவிளக்கின் மஞ்சள் ஜன்னல் இடுக்கு வழியாக அவள்மேல் விழுந்தது. இரண்டு கையாலும் அவள் ஒரு பலூனைப் பிடித்திருந்தாள். அதன் கழுத்து அவள் உதடுகளுக்கு நடுவே. கட்டிலிலும் மெத்தை இடுக்கிலும் காலியான தோல்கள், எத்தனையோ, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள். நூல்களைத் தனியாகச் சுற்றி வைத்திருந்தாள். சமர்த்து.

அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தால் எந்த அப்பனும் செய்வதைத்தான் செய்தான். கையில் இருந்த துணியால் அவள் வாயைத் துடைத்தான்.

துணியில் சிவப்பாக ஒரு சின்ன வாய் பூத்தது. மேலுதடு. கீழுதடு. நடுவில் நாக்கு நுனி.

முற்றம். லாரிக் குழாய். ஃபில்டர் இல்லாத கம்ப்ரசர். தகரக் கொட்டகை. வருது மேடம், வந்துக்கிட்டே இருக்கு. வெள்ளைச் சட்டை. டமார்.

“என்ன...” குரலில் வேடிக்கை துளிகூட இல்லை. அவனுக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. “என்ன பண்றே குட்டி?”

அவள் பயப்படவில்லை. மறைக்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தெரிந்த வயசு.

“அப்பா காத்து குடிக்கிறேன்,” என்றாள். “நீதானே உன் வாயால ஊதினே. நீ வேலைக்குப் போனா எனக்கு அழுகையா வரும்ல. அப்போ கொஞ்சமா குடிப்பேன். அப்புறம் ராத்திரியும் குடிச்சேன். இப்போ தினமும் குடிக்கிறேன். வயிறு நிறைஞ்சிடும்.” கொஞ்சம் யோசித்தாள். “இனிக்கும்ப்பா. உனக்குத் தெரியாதா?”

அவன் அசையவில்லை. அவனால் அசைய முடியவில்லை. அவள் மடியில் கடைசியாக ஒரு பலூன் இருந்தது, இன்னும் முழுசாக, இறுக்கமாக. அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே தூக்கினாள். கற்றுக்கொண்டதையெல்லாம் மறந்துபோன அந்தச் சின்ன விரல்கள் நூல் நுனியைத் தேடின. அந்த முடிச்சை மட்டும் அவை மறக்கவில்லை.

ஒரே இழுப்பு.

குளிர்ந்த காற்று அவன் உதட்டில் பட்டது.

இனித்தது.